ஐம்பது வயது விமானத்தை வாங்கலாமா?

1947 மே 1-ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் தன் கால அட்டவணைச் சேவையைத் தொடங்கியது. சிங்கப்பூரில் கிளம்பி கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று போகும் வழித்தடம். அதில் பறந்த விமானம் பழையது. ஏர்ஸ்பீட் கான்சல் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் பயிற்சிக்காக ஆயிரக்கணக்கில் கட்டிய ஆக்ஸ்ஃபர்டு விமானங்களைப் போர் முடிந்ததும் திரும்ப வாங்கி, மூக்கை நீட்டி, உள்ளே இருக்கை போட்டு, கான்சல் என்று விற்றார்கள். மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் சேர்ந்த உடல், இரண்டு என்ஜின், ஐந்து பயணிகளுக்கு இடம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ் இரண்டுமே தங்கள் வரலாற்றை அந்த மறுவிற்பனை விமானத்திலிருந்துதான் எழுதத் தொடங்குகின்றன.

இன்றும் ஒருவர் முதன்முதலாகச் சொந்தமாகச் சிறு விமானம் வாங்க நினைத்தால், கைக்கு எட்டுவது பெரும்பாலும் பழையதுதான். செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் உட்காரலாம், இறக்கை தலைக்கு மேலே, முன்னால் ஒரே என்ஜின். 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த ரகத்தில் இதுவரை 44,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை கட்டப்பட்டதில்லை. ஆனால் அமெரிக்காவில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் குவிந்ததால் 1986-இல் செஸ்னா சிறு விமான உற்பத்தியையே நிறுத்திவிட்டது. பதினெட்டு ஆண்டு கடந்த விமானத்துக்காக உற்பத்தியாளர்மேல் வழக்குப் போட முடியாது என்று 1994-இல் சட்டம் வந்த பிறகுதான் மீண்டும் தொடங்கினார்கள். அதனால் சந்தையில் இருப்பவற்றில் ஏராளமானவை 1960-களிலும் 70-களிலும் பிறந்தவை.

ஐம்பது வயதான இயந்திரத்தை நம்பி ஆகாயத்தில் ஏறுவதா என்று கேட்பது நியாயமான கேள்வி. பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்குப் போய்விடலாம். அங்கே ஏறி இறங்கும் சிறு விமானங்களைப் பார்த்து, பணம் சேர்த்து, உரிமம் எடுத்து, ஒருநாள் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்களுடைய முதல் கேள்வி "எத்தனை வயது?" என்பதாக இருக்கக் கூடாது. "கடைசியாக எப்போது பறந்தது, அதற்கு முன் எப்போது பறந்தது?" என்று கேட்க வேண்டும். இதற்கான காரணம் வேதியியலிலும் உலோகவியலிலும் இருக்கிறது.

விமானத்தின் வயதை மணிக்கணக்கில்தான் சொல்வார்கள், அதுவும் ஒரே எண்ணாக இருக்காது. உடலுக்கு ஒரு பதிவேடு, என்ஜினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. உடல் பிறந்ததிலிருந்து 6,000 மணி பறந்திருக்கும். என்ஜினைக் கடைசியாகப் பிரித்து ஓவர்ஹால் செய்து 700 மணி ஆகியிருக்கும். தீப்பொறி தரும் மெக்னெட்டோவை மாற்றி 100 மணிகூட ஆகியிருக்காது. ஒரே விமானத்துக்குள் பல வயதுகள் சேர்ந்து பறக்கின்றன. எந்தப் பாகம் என்றைக்கு மாறியது, யார் மாற்றினார், அவருடைய உரிம எண் என்ன என்பதெல்லாம் கையெழுத்தோடு இருக்கும். பதிவேடு தொலைந்துபோன விமானம் பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விலை சரிந்துவிடும். அதன் பாகங்களுக்கு என்ன வயது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாதல்லவா?

இந்தப் பதிவேடுகளில் முதலில் தேட வேண்டியது தகுதி ஆணைகளை. ஒரு ரக விமானத்தில் எங்கேயாவது ஆபத்தான குறை தெரியவந்தால், அந்த ரகத்தில் உலகெங்கும் உள்ள எல்லா விமானத்தையும் சோதிக்கச் சொல்லி ஆணை வரும். அதை நிறைவேற்றாமல் பறக்கக் கூடாது. செஸ்னாவின் இருக்கைத் தண்டவாளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விமானியின் இருக்கை முன்னும் பின்னும் நகர்வதற்குத் தரையில் இரண்டு தண்டவாளம் உண்டு. அதில் வரிசையாகத் துளைகள். இருக்கையிலிருந்து இறங்கும் சின்ன ஊசி ஏதாவதொரு துளையில் விழுந்து பூட்டிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் ஊசி உரசி உரசி, வட்டமான துளை நீள்வட்டமாகிவிடும். ஊசி பாதிதான் இறங்கும். ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கு மேலே எழும் நொடியில் பூட்டு விட்டுப்போனால் இருக்கை பின்னால் சறுக்கும். கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் விமானி தன்னோடு இழுத்துவிடுவார். மூக்கு செங்குத்தாக எழும்பும், இறக்கை தூக்குவிசையை இழக்கும். இப்படி உயிர்கள் போன பிறகு, 1987-இல் அமெரிக்க அதிகாரிகள் அந்தத் துளைகளையும் ஊசியையும் தவறாமல் அளந்து பார்க்கச் சொல்லி ஆணையிட்டார்கள். கைவிளக்கோடு குனிந்து பார்த்தால் துளை வட்டமா நீள்வட்டமா என்று எவருக்கும் தெரியும்.

இனி என்ஜின். பழைய விமானத்தின் விலையை முடிவு செய்வது இதுதான்.

1968 முதல் செஸ்னா 172-இல் லைகோமிங் ஓ-320 என்ற என்ஜின் வந்தது. நான்கு சிலிண்டர், காற்றால் குளிர்வது. 2,000 மணி ஓடியதும், அல்லது பன்னிரண்டு ஆண்டு கழிந்ததும், எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது தயாரிப்பாளர் அறிவுரை. முதன்முறை வாங்குபவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையைக் கவனிப்பதே இல்லை. "ஓவர்ஹால் செய்து 300 மணிதான் ஆகிறது" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் மனம் குதிக்கிறது. அந்த ஓவர்ஹால் நடந்தது இருபது ஆண்டுக்கு முன் என்றால், அந்த என்ஜின் ஆண்டுக்குப் பதினைந்து மணிதான் ஓடியிருக்கிறது. வருடம் முழுக்க ஹேங்கரில் நின்றிருக்கிறது. ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்குபோன்ற ஈரமான இடத்தில் அது நின்றிருந்தால் 1,500 மணி ஓடிய என்ஜினையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஏன் என்று பார்ப்போம். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். செஸ்னா 172 மணிக்கு முப்பது லிட்டருக்கும் மேல் குடிக்கும். அப்படியானால் ஒரு மணி நேரப் பயணத்தில் முப்பது லிட்டர் தண்ணீரை அது ஆகாயத்திலேயே தயாரிக்கிறது! பெரும்பகுதி நீராவியாகப் புகைபோக்கி வழியே போய்விடும். ஆனால் சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, எண்ணெய் இருக்கும் அடிப்பெட்டிக்குள் கசியும். எண்ணெய் நன்றாகச் சூடாகி ஒரு மணி நேரம் பறந்தால் அந்த ஈரமும் ஆவியாகி வெளியேறும். என்ஜினை முடுக்கிப் பத்து நிமிடம் தரையில் ஓட்டி அணைத்துவிட்டால், ஈரம் உள்ளே போய்ச் சேர்கிறது, வெளியேற வேண்டிய சூடு மட்டும் வருவதில்லை. "வாரா வாரம் ஸ்டார்ட் செய்து ஓட விடுகிறேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அது விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய இடம்.

அணைத்த பிறகு நடப்பதும் கேடுதான். என்ஜின் ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளிக்காற்றை மூச்சுக்குழாய் வழியே இழுக்கிறது. விடியற்காலையில் இந்தப் பள்ளத்தாக்கின் காற்று எவ்வளவு ஈரமானது என்பதை ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர்களிடம் கேட்டால் தெரியும். அந்த ஈரம் உள்ளே குளிர்ந்த இரும்பின்மேல் துளித்துளியாகப் படிகிறது. லைகோமிங் என்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு மேற்பகுதியில் இருக்கிறது. ஓடும்போது தெறிக்கும் எண்ணெய்தான் அதற்குப் பாதுகாப்பு. நிறுத்தி வைத்தால் சில வாரங்களில் எண்ணெய் வடிந்து, கடினமாக்கி மெருகிட்ட எஃகு வெறுமையாகிவிடும். அங்கே கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளி விழும். அடுத்த முறை ஓடும்போது வால்வைத் தள்ளும் உருளை அந்தப் புள்ளியின்மேல் மோதி மோதிச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். பெயர்ந்த எஃகுத் துகள் எண்ணெயோடு என்ஜின் முழுக்கச் சுற்றி வரும். 1967 வரை செஸ்னா 172-இல் வந்த கான்டினென்டல் ஓ-300 என்ஜினில் கேம்ஷாஃப்ட் கீழ்ப்பக்கம் இருந்ததால் இந்தத் தொல்லை குறைவு. 1977 முதல் 1980 வரை வந்த 172-களில் இருந்த ஓ-320-ஹெச்2ஏடி என்ற வகையோ கேம்ஷாஃப்ட் தேய்மானத்துக்கே பேர்போனது. இரண்டு விமானத்துக்கும் பத்தாண்டு இடைவெளிதான். வெளியிலிருந்து பார்த்தால் எளிதில் வேறுபாடு தெரியாது. ஈர நாட்டில் வாங்குபவருக்கு இது பெரிய வேறுபாடு.

என்ஜினைப் பிரிக்காமலே உள்ளே நடப்பதை அறிய அழகான வழிகள் இருக்கின்றன. பழைய எண்ணெயில் சிறிது எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அங்கே அதைக் கடும் வெப்பத்தில் எரிக்கிறார்கள். ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய நிற ஒளியை உமிழும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு இரும்பு, எத்தனை குரோமியம் என்று சொல்லிவிடுவார்கள். இரும்பு கூடினால் கேம்ஷாஃப்டோ சிலிண்டர் சுவரோ தேய்கிறது. குரோமியம் என்றால் பிஸ்டன் வளையமாக இருக்கலாம். அலுமினியம் பிஸ்டனைக் காட்டும். சிலிக்கான் என்றால் காற்று வடிகட்டியில் ஓட்டை, தூசி உள்ளே போகிறது என்று பொருள். நட்சத்திரங்களில் என்ன இருக்கிறது என்று வானியலாளர்கள் கண்டுபிடிக்கும் அதே முறை இது. ஒரே ஒரு ஆய்வறிக்கையால் பெரிய பயனில்லை. நாலைந்து ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்து எந்த எண் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது அழுத்தச் சோதனை. சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். எழுபதுக்கு மேல் நின்றால் மகிழ்ச்சி. அறுபதுக்குக் கீழே போனால் கவலை. இதில் எனக்குப் பிடித்தது எண் அல்ல, காது. காற்று எங்கே சீறுகிறது என்று பொறியாளர் உற்றுக் கேட்பார். புகைபோக்கியில் சீறினால் வெளியேற்று வால்வு சரியில்லை. கார்புரேட்டர் பக்கம் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு. எண்ணெய் ஊற்றும் குழாயில் காது வைத்துக் கேட்டால் சீறல் வருகிறதா, பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. வாங்கப் போகிறவர் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று தானும் கேட்க வேண்டும். ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வது பல ஆண்டுக்கு உதவும்.

என்ஜின் கெட்டால் பணம் போகும், ஆனாலும் வேறு என்ஜின் மாட்டிக்கொள்ளலாம். உடல் கெட்டுப்போன விமானத்தைக் காப்பாற்றுவது கடினம்.

1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் என்ற உலோகவியலாளர் அலுமினியத்தில் சிறிது செம்பும் மெக்னீசியமும் கலந்து, சூடாக்கி, சட்டென்று குளிர்வித்தார். எதிர்பார்த்த அளவு கடினமாகவில்லை. சில நாள் கழித்து மீண்டும் சோதித்தபோது அதே துண்டு தானாகவே வலுப்பெற்றிருந்தது. உலோகத்துக்குள் செம்பு அணுக்கள் மெல்ல நகர்ந்து நுண்ணிய கொத்துகளாகச் சேர்ந்து, படிக அடுக்குகள் சறுக்காமல் தடுத்ததே காரணம். டூராலுமின் என்ற அந்தக் கலவையின் வாரிசுகள்தான் இன்றைய சிறு விமானங்களின் தோல். வலுவைக் கொடுத்த அதே செம்புதான் அரிப்பையும் கொண்டுவந்தது. ஈரம் பட்டால் செம்பு மிகுந்த புள்ளியும் அலுமினியமும் சேர்ந்து குட்டி மின்கலமாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். அதைத் தடுக்கத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய ஏடாகப் போர்த்துவார்கள். ஆனால் தகட்டை வெட்டிய விளிம்பிலும் துளையின் சுவரிலும் அந்தப் போர்வை இல்லை. 1960-கள், 70-களில் வந்த பல செஸ்னாக்களுக்கு வெளியேதான் வண்ணம், உள்ளே அரிப்புத் தடுப்புப் பூச்சுகூடக் கிடையாது.

அதனால் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. புதிதாக அடித்த பெயின்ட் எதை மறைக்கிறது என்று சந்தேகப்படுவதே நல்லது. பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் நெளியும் மெல்லிய கோடுகள், சிறு கொப்புளங்கள், கதவு விளிம்பில் வெண்பொடி: மூன்றும் அரிப்பின் அடையாளம். தரைவிரிப்பைத் தூக்கி அடித்தகட்டைப் பார்க்க வேண்டும். இறக்கையின் சோதனை மூடிகளைக் கழற்றிக் கண்ணாடி வைத்து உள்ளே பார்க்க வேண்டும். ஹேங்கரில் நெடுநாள் நின்ற விமானத்தில் எலி கூடு கட்டியிருக்கலாம். எலியின் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய் ஒரு விரல் பருமன்கூட இல்லாதது. அதற்குள் குளவி மண் அடைத்துவிட்டால் புறப்படும்போது வேகம் எவ்வளவு என்றே தெரியாது. நம் வீட்டுச் சுவரில் கூடு கட்டும் அதே குளவிதான்.

ரிவெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இறுக்கமான ரிவெட் சுத்தமாக இருக்கும். தளர்ந்தது பறக்கும்போது நடுங்கித் தகட்டோடு உரசும். உரசிய அலுமினியத் துகள் கறுத்து, காற்று போகும் திசையில் பின்னால் கோடாக இழுபடும். கண் மை கரைந்து வழிந்ததுபோல இருக்கும். ஒன்றிரண்டு என்றால் மாற்றிவிடலாம். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வரிசையாகத் தெரிந்தால் விமானம் என்றைக்கோ பலமாகத் தரையில் மோதியிருக்கக்கூடும்.

நிறையப் பறந்ததுதான் நல்லது என்றால் பயிற்சிப் பள்ளியில் ஓயாமல் பறந்த விமானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கூடாது. 2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் டேட்டோனா பீச்சில் பைப்பர் ஆரோ பயிற்சி விமானம் ஒன்று புறப்பட்ட சற்று நேரத்தில் இடது இறக்கை தனியே பிரிந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். அது கிழட்டு விமானம் அல்ல. 2007-இல் கட்டியது. ஆனால் 7,690 மணி பறந்திருந்தது, 33,000 முறைக்கு மேல் தரையிறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் இறக்கை சற்று வளைந்து நிமிர, ஸ்பார் என்ற முதன்மைச் சட்டத்தின் ஆணித்துளையில் விரிசல் தொடங்கி, வெளியே தெரியாமல் வளர்ந்திருக்கிறது. எஃகுக்கு ஒரு சலுகை உண்டு: ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை கோடி முறை வளைத்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி எல்லையே கிடையாது. சிறு சுமையும் போதிய முறை திரும்பத் திரும்ப வந்தால் விரிசல் பிறக்கும்.

அந்த விபத்துக்குப் பிறகு அதே குடும்ப விமானங்களின் ஆணித்துளைகளைச் சுழல்மின்னோட்ட முறையில் சோதிக்கச் சொல்லி ஆணை வந்தது. மாறுதிசை மின்சாரம் ஓடும் சின்னக் கம்பிச்சுருளைத் துளைக்குள் விடுவார்கள். உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். விரிசல் குறுக்கிட்டால் அது விலகிப் போகும், சுருளில் அளவு மாறும். உலோகத்தை வெட்டாமல், கீறாமல் உள்ளே இருக்கும் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் முறை இது. மணி அதிகமான பைப்பரைப் பார்க்கிறவர் இந்தச் சோதனை நடந்ததா என்று பதிவேட்டில் தேடியே ஆக வேண்டும்.

பேராக் மண்ணோடு நேரடி உறவுள்ள பொருள் ஒன்றும் விமானத்தில் இருக்கிறது. 1877-இல் குவாலா கங்சாரில் நட்ட கன்றுகளோடு இந்த மாநிலத்தில் ரப்பர் கால் ஊன்றியது. நம் பாட்டன் பாட்டிகள் பால் வெட்டிய தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. ஆனால் பெரிய விமானங்களின் டயரில் இன்றும் இயற்கை ரப்பருக்கே முதலிடம். இழுக்கும்போது அதன் மூலக்கூறு இழைகள் வரிசையாக ஒழுங்குபட்டுப் படிகமாகிவிடும். விரிசல் நுனியில் இழுவை அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் படிகமாகும். கிழிசல் வளர முடியாமல் நின்றுவிடும். அசையாமல் நின்ற சக்கரம் தரையைத் தொட்ட மறுநொடி முழு வேகத்தில் சுழலும் அந்த அதிர்ச்சியையும் சூட்டையும் தாங்க, இவ்வளவு நல்ல பொருளை மனிதரால் இன்னும் மலிவாகச் செய்ய முடியவில்லை.

ரப்பரின் எதிரி காற்றிலுள்ள ஓசோன். அது இழைகளின் இரட்டைப் பிணைப்பை வெட்டும். ஓடாத சக்கரத்திலும் வெடிப்பு விழுவது அதனால்தான். என்ஜின் சட்டத்தோடு சேரும் இடத்தில் அதிர்வை உறிஞ்ச ரப்பர்த் திண்டுகள் இருக்கும். அவை தளர்ந்தால் என்ஜின் எடை தாளாமல் சற்றுத் தொங்கும். விமானத்தின் முன்னால் நின்று, புரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்புக்கும் பின்னால் உள்ள மூடிக்கும் இடையே மேலேயும் கீழேயும் இடைவெளி ஒரே அளவா என்று பாருங்கள். இல்லையென்றால் திண்டு போய்விட்டது. இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம்.

வாங்கும் முன் பறந்து பார்க்காமல் இருக்க முடியாது. எங்கே, எப்போது பறந்து பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் குளிர்காலக் காலையில் துள்ளி ஏறிய விமானம் ஈப்போவின் நண்பகலில் அப்படி ஏறாது. கையேட்டில் உள்ள எண்கள் கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஈப்போ நிலையம் கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரம்தான். ஆனால் 33 பாகை வெப்பத்தில் காற்று விரிந்து மெலிந்துவிடும். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் என்ஜினுக்கும் அது ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்துக் காற்றுக்குச் சமம். தரையில் நிற்கும்போதே விமானம் ஒரு குன்றின்மேல் நிற்கிற கணக்கு. தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரில் 2,183 மீட்டர் உயரமான கொர்பு சிகரம் நிற்கிறது. தேய்ந்த என்ஜின், நான்கு பேர், நிறைய எரிபொருள், பிற்பகல் வெயில், முன்னால் கொர்பு என்ற சேர்க்கையை வாங்குபவர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அதைவிட வியப்பானது, இந்த வெயிலில் பனிக்கட்டி உருவாவது. கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து குளிரும். அங்கேயே பெட்ரோல் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் வெப்பம் இருபது பாகைக்கும் மேல் சரியும். வெளியே 28 பாகை, உள்ளே உறைநிலை! நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? தொண்டைச் சுவரில் பனி படிந்து காற்றை அடைக்கும். குறிப்பாக என்ஜின் விசையைக் குறைத்துக்கொண்டு தரையிறங்க வரும்போது. அதற்காகவே புகைபோக்கியைச் சுற்றிய சூடான காற்றைத் திருப்பிவிடும் ஒரு பிடி உண்டு. தரையில் என்ஜின் ஓடும்போது அதை இழுத்தால் சுழற்சி சற்றுக் குறைய வேண்டும். சூடான காற்று மெலிந்தது என்பதால். குறையவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் மடல் வேலை செய்யவில்லை. மெக்னெட்டோ சோதனையும் இதே மாதிரிதான். இரண்டு மெக்னெட்டோவில் ஒன்றை அணைத்தால் சுழற்சி கொஞ்சம் இறங்குவதே ஆரோக்கியம். இம்மியும் இறங்காவிட்டால், அணைத்ததாக நாம் நினைக்கும் மெக்னெட்டோ அணையவில்லை என்று பொருள். கீழே நின்று யாரேனும் புரொப்பெல்லரைக் கையால் திருப்பினாலும் என்ஜின் உயிர்பெற்றுவிடும்.

எரிபொருளையும் அப்படியே நம்பக் கூடாது. தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோலுக்கு வெளிர் நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். இரவில் பாதி காலியான தொட்டியில் படியும் ஈரம் தண்ணீராகி அடியில் இறங்கியிருந்தால், நீலத்துக்குக் கீழே நிறமற்ற ஒரு குமிழ் தனியாக உருண்டு நிற்கும். நெடுநாள் நின்ற விமானத்தில் இந்தக் குமிழ் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இப்படித் தம் முதல் விமானமாகப் பழையதை வாங்கியவர்களில் உலகறிந்தவர் சார்லஸ் லிண்ட்பர்க். 1923-இல் ஜார்ஜியா மாநிலத்தில் போர்மிச்சமாகக் கிடந்த கர்ட்டிஸ் ஜென்னி விமானம் ஒன்றை 500 டாலருக்கு வாங்கினார். அதுவரை அவர் தனியாகப் பறந்ததே இல்லை. முதல் முயற்சியிலேயே விமானத்தை உடைக்கப் பார்த்தார். அங்கே இருந்த இன்னொரு விமானி உடன் அமர்ந்து கற்றுக்கொடுத்த பிறகுதான் தனியாக எழும்பினார். நான்கு ஆண்டில் அட்லாண்டிக்கைத் தனியே கடந்தார். ஆனால் அந்த 500 டாலர் காலம் போய்விட்டது. இன்று ஒரு என்ஜின் ஓவர்ஹாலுக்கே பல்லாயிரம் டாலர் ஆகும். பழைய விமானத்தில் விலையைவிட வாங்கிய பிறகு வரும் செலவுதான் பெரிது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் காகித வேலையும் இருக்கிறது. 1944 சிக்காகோ உடன்படிக்கைப்படி ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிவாகியிருக்க முடியாது. அங்கே பதிவை நீக்கி, ஏற்றுமதித் தகுதிச் சான்று வாங்கி, இறக்கையைக் கழற்றிக் கொள்கலனில் ஏற்றியோ பறந்தோ கொண்டுவந்து, மலேசியாவின் 9எம் என்று தொடங்கும் பதிவு எண்ணையும் பறக்கும் தகுதிச் சான்றையும் பெற வேண்டும். 2018 முதல் இதைக் கவனிப்பது மலேசிய சிவில் வான் போக்குவரத்து ஆணையம். பணம் கைமாறும் முன்பே ஆணையத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சான்று கிடைக்காத விமானம் ஹேங்கர் வாடகையை மட்டும் தின்னும்.

சோதனையை நீங்கள் அமர்த்திய உரிமம் பெற்ற பொறியாளரே செய்ய வேண்டும், அந்த விமானத்தை இதுவரை பராமரித்தவர் செய்யக் கூடாது. மூடிகளைக் கழற்ற விற்பவர் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது பறக்க உங்களுக்கு நேரம் இருக்குமா? இருக்காது என்றால் தனியாக வாங்காதீர்கள். உரிமம் உள்ள நான்கு பேராகச் சேர்ந்து ஒன்றை வாங்குங்கள். செலவு நான்காகப் பிரியும், விமானமும் வாரந்தோறும் பறக்கும். அதன் கேம்ஷாஃப்டில் துரு விழ நேரமே இருக்காது.